எஃப்5 தேய்ந்த காலம்

2001 மார்ச் 14. கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். லக்ஷ்மணும் டிராவிடும் ஆஸ்திரேலியர்களை நாள் முழுக்க வெயிலில் ஓடவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆபீசில் உட்கார்ந்து இணையத்தில் ஸ்கோர் பார்த்தவர்களுக்கு ஒரே வேலைதான். எஃப்5 பொத்தானை அமுக்குவது. அமுக்கினால் புது ஸ்கோர். அமுக்காவிட்டால் லக்ஷ்மண் அடித்த பவுண்டரி நமக்குக் கிடையாது.

ஸ்கோர் மாறினால் அந்தக் கம்ப்யூட்டர் தானாகச் சொல்லக்கூடாதா?

கூடாது. சட்டம் அப்படி. ஜெனிவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990களின் தொடக்கத்தில் வகுத்த எச்.டி.டி.பி. நெறிமுறை ரொம்பக் கறாரானது. பிரவுசர் கேட்கும், சர்வர் பதில் சொல்லும். கேட்காமல் சர்வர் வாய் திறக்கப்படாது. ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கிற விஞ்ஞானிக்கு இது தாராளம். சாட் பண்ணுகிறவனுக்குப் போதுமா?

போதாது. எனவே குறுக்குவழி தேடினார்கள். முதல் வழி, ரயில் பயணத்தில் குழந்தைகள் செய்வது. 'ஊர் வந்துடுச்சா, வந்துடுச்சா' என்று சில நொடிக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டே இருப்பது. பதில் 'இல்லை' என்ற ஒரு சொல்தான். அதற்கு முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான பைட்டுகள் முகவரி, முகாந்திரம் என்று போய்வரும். கால் ரூபாய்ச் சரக்குக்குப் பத்து ரூபாய் வண்டி வாடகை.

இரண்டாவது வழி கொஞ்சம் கில்லாடித்தனம். பிரவுசர் கேட்டதும் சர்வர் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கும். செய்தி வந்தபிறகுதான் வாய் திறக்கும். 2006-ல் ஜிமெயிலுக்குள் சாட் வந்ததே, இந்த மாதிரி உத்தியில்தான். அதே வருஷம் அலெக்ஸ் ரஸ்ஸல் இதற்கு காமெட் என்று பெயர் வைத்தார். முந்தைய வருஷம் பிரபலமான இன்னொரு உத்திக்கு அஜாக்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் இரண்டுமே துலக்குகிற பவுடர்கள். நம்மூராக இருந்தால் சபீனா என்று வைத்திருப்பார்கள்.

நேர்வழி 2008-ல் பிறந்தது. எச்.டி.எம்.எல்.5 வரைவில் டிசிபி கனெக்‌ஷன் என்று கிடந்த சமாசாரத்தை இயன் ஹிக்சனும் மைக்கேல் கார்ட்டரும் பேசி, வெப்சாக்கெட் என்று பெயர் மாற்றினார்கள். விஷயம் இதுதான். பிரவுசர் வழக்கம்போல எச்.டி.டி.பி.யில் கதவைத் தட்டும். 'இனி வேறு மாதிரி பேசலாமா?' என்று கேட்கும். சர்வர் 101 என்று பதில் சொன்னால் சம்மதம். அப்புறம் கதவு திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். சின்னச் செய்தி என்றால் சர்வர் ஒட்டவேண்டிய முகவரிச் சீட்டு வெறும் 2 பைட்.

குரோம் 2010 தொடக்கத்திலேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. அந்த வருஷக் கடைசியில் விழுந்தது குண்டு.

ஆடம் பார்த் உள்ளிட்ட சில ஆய்வாளர்கள் ஒரு சிக்கலைக் காட்டினார்கள். பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் ப்ராக்ஸி என்றொரு இடைத்தரகர் இருப்பார். பலபேர் கேட்கிற பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்துவைத்து விநியோகிப்பவர். இவர்களில் சிலருக்கு 101 என்றால் என்னவென்றே தெரியாது. பழைய பேச்சு தொடர்வதாகவே நினைப்பார்கள். ஒரு ஃபோர்ஜரிக்காரன் திறந்த கதவு வழியே, கூகுளிடம் கோப்பு கேட்பதுபோல நடிக்கலாம். அவனுடைய சர்வரே விஷக் கோப்பை பதிலாகத் தரும். தரகர் அதை 'கூகுள் கொடுத்தது' என்று பத்திரப்படுத்துவார். பிறகு அந்தத் தரகரை நம்பியிருக்கும் ஆபீஸ் மொத்தத்துக்கும் விஷம்தான்.

அப்படி ஏமாறுகிற தரகர்கள் சோதனையில் சொற்பமாகத்தான் அகப்பட்டார்கள். ஆனாலும் 2010 டிசம்பரில் ஃபயர்பாக்ஸும் ஓப்பராவும் வெப்சாக்கெட்டை அணைத்துவைத்தன. சரியான முடிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோடிப்பேர் கையில் கொடுத்தபிறகு கதவை மாற்ற முடியுமா?

தீர்வு விசித்திரமானது. பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு துண்டையும் ஒரு புதிய 32 பிட் எண்ணால் கலைத்துப்போட வேண்டும். கலைத்தால் அது கூகுளிடம் கேட்ட கேள்விபோல இருக்காது, தரகர் ஏமாறமாட்டார். ரகசியமா? அதெல்லாம் இல்லை. அந்த எண்ணையும் கூடவே வைத்துத்தான் அனுப்புகிறார்கள். பூட்டின்மேல் சாவியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி.

2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6455 என்று இது அதிகாரபூர்வமானது. இன்றைக்குப் பெரும்பாலான இணைப்புகள் முழு மறைகுறியாக்கத்துக்குள் போகின்றன. நடுவில் இருக்கும் சாதாரணத் தரகரால் ஒரு எழுத்துகூடப் படிக்கமுடியாது. அங்கேயும் இந்தக் கலைப்பைச் செய்யாமல் அனுப்பினால் சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடவேண்டும் என்பது விதி.