குடலையும் பலகையும்

காஞ்சிபுரம் இட்லி என்று ஹோட்டல்களில் வருவது பெரும்பாலும் பெயரளவில்தான் காஞ்சிபுரம். வழக்கமான மாவில் மிளகும் சீரகமும் முந்திரியும் கலந்து, கிண்ணத்திலோ டம்ளரிலோ ஊற்றி எடுத்தது. வரதராஜப் பெருமாள் கோவில் மடைப்பள்ளியில் வேகும் பண்டம் வேறு. கொரகொரப்பாக அரைத்த அரிசி, உளுந்து. அதில் சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம், நெய். புளித்த மாவை மந்தாரை இலை சுற்றிய மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் விடுகிறார்கள். உருளையாக வெளிவருவதை வில்லைகளாக அறுத்துத் தருகிறார்கள். சட்னி, சாம்பார் தேவைப்படாத இட்லி. பாதி ருசி இலையினுடையது.

இலையும் நேரமும் ஹோட்டலுக்குக் கட்டுப்படியாகாது. அதற்காக ஒப்பாரி வைக்க எனக்கு மனமில்லை. 1947இன் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை தாழ்த்தப்பட்டவர்கள் பல கோவில்களுக்குள் நுழையவே முடியாத மாகாணம் இது. கோவில் கொடுக்காததை ஹோட்டல் காசுக்குக் கொடுத்தது என்று சொல்லிவிடலாம். விஷயம் அத்தனை சுலபமாகவும் இல்லை.

நம் சைவ ஹோட்டலின் ருசி மடத்திலும் மடைப்பள்ளியிலும் பிறந்தது. உடுப்பி வட்டாரத்திலிருந்து வந்த கே. கிருஷ்ண ராவ் 1930களின் இறுதியில் ராயப்பேட்டையில் ஒரு ஜமீன் பங்களாவில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். சென்னையின் மேல்மட்ட நாக்குக்கு அதுவே பிரமாணமாயிற்று. 1962இல் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில், 2008இல் அது மூடப்படும்வரை, ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து இலக்கியம் பேசியவர்கள் உண்டு. (நம் விமர்சன மரபுக்கு அந்தக் காப்பி செய்த சேவை தனியாக எழுதப்பட வேண்டியது.) சமையற்காரர் மடத்திலிருந்து நகரத்துக்குக் கொண்டு வந்தது கைப்பக்குவம் மட்டுமல்ல. மடியும் ஆசாரமும் கூடவே வந்தன. அவை ஹோட்டலின் மூலதனமாயின. ‘பிராமணாள்’ என்ற பலகை அந்த மூலதனத்தின் விளம்பரம். பல இடங்களில் உள்ளே தடுப்பும் இருந்தது.

தமிழ்நாட்டு அரசியலே ஒரு பந்தி விவகாரத்தில் திசைமாறியது என்பதை ஹோட்டல் சரித்திரக்காரர்கள் கவனிப்பதில்லை. காங்கிரஸ் பணம் பெற்ற வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்று எழுந்த சச்சரவின் சூடு ஆறுமுன், 1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. கூடிய இடம் இதே காஞ்சிபுரம். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடமில்லை என்றதும் ஈ.வெ.ரா. வெளியேறினார். 1957இல் அவருடைய திராவிடர் கழகத்தார் திருவல்லிக்கேணி முரளி கபே முன் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள். கடைசியில் ‘பிராமணாள்’ பலகையிலிருந்து போயிற்று.

அந்த இடம் காலியாகக் கிடக்கவில்லை. ‘உயர்தர சைவ உணவகம்’ என்ற சொற்றொடர் ஊர்தோறும் பலகைகளில் இருக்கிறது. எதைவிட உயர்ந்த தரம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலே தெரிகிறது. பழைய சொல் ஆளைச் சொன்னது. இது பண்டத்தைச் சொல்கிறது. அந்த அளவுக்கு முன்னேற்றம்தான். பெஞ்சு எல்லோருக்குமானது என்பதைச் சிறுமைப்படுத்த மாட்டேன்.

1981இல் கே.கே. நகரில் சரவண பவனைத் தொடங்கிய பி. ராஜகோபால், தெற்கே புன்னையடி என்ற கிராமத்து நாடார். கமுதிக் கோவிலுக்குள் நுழைய நாடார்களுக்கு உரிமையில்லை என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது 1908இல். ஒரு நூற்றாண்டுக்குள் அச்சமூகத்து மனிதர் ஒருவர் மடைப்பள்ளி வழிவந்த சைவ ருசியைக் கையகப்படுத்தி, சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் கிளை பரப்பினார். பூணூல் இல்லாத கைக்கு அந்த ருசி வந்தது. வந்தபோதும் அது சைவமாகவே, ‘உயர்தர’மாகவே வந்தது. கறிக்குழம்பின் ருசி அந்தப் பலகையை இன்னும் கேட்டு வாங்கவில்லை.