பற்காரை

பற்காரை என்பது பல்லின் மேல் இறுகிப் படியும் சுண்ண உப்பு. மருத்துவர்கள் இதைக் கால்குலஸ் என்பர். சிறுநீரகக் கல்லுக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் அதே பெயர்தான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கோ கால்குலஸ் என்றால் நியூட்டனும் லைப்னிட்சும் வளர்த்த நுண்கணிதம். லத்தீனில் சிறுகல்லைக் குறித்த சொல் இது. ரோமானியர் கற்களை வைத்து எண்ணியதால் கணக்குக்கும் ஆயிற்று.

துலக்கிய பல்லிலும் சில மணி நேரத்தில் பாக்டீரியாப் படலம் ஒட்டிவிடும். அதை அகற்றாமல் விட்டால் எச்சிலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து, சில நாட்களிலேயே அது இறுகத் தொடங்கும். எச்சில் நாளங்கள் திறக்கும் இடங்களை ஒட்டியே காரை மிகுதி: கீழ் முன்பற்களின் உட்புறம், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்புறம். ஈறுக்கு மேலே இருப்பது வெளிர்மஞ்சள். உள்ளே இருப்பது கரும்பழுப்பு, இன்னும் கெட்டி. இறுகிய காரை பிரஷுக்கு அசையாது, மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடும்.

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு வட்டாரத்தில் பல்லின் பழுப்பு நிறத்தை எல்லாம் காரை என்று எண்ணிவிடக் கூடாது. இங்குள்ள பாறைகளின் கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. மாவட்டத்தின் பல ஆழ்துளைக் கிணறுகளில் அளவு இதைத் தாண்டும். பால்யத்தில், நிலைப்பற்களின் எனாமல் உருவாகும்போதே ஃபுளூரைடு அதைக் கெடுப்பதால், முளைக்கும் பல்லே வெண்திட்டுகளோடும் பழுப்புக் கோடுகளோடும் வருகிறது. கறை மேலே ஒட்டியதல்ல, பல்லுக்குள்ளேயே இருப்பது. ஆகவே காரை எடுக்கும் சிகிச்சையால் அது போகாது. கல் உப்பும் கரித்தூளும் போட்டுத் தேய்ப்பவர்கள் எனாமலைத்தான் இழக்கிறார்கள்.

ஃபுளூரைடால் வரும் இந்தப் பாதிப்பை (ஃபுளூரோசிஸ்) தடுக்கவே ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் தடுப்புத் திட்டம் அமைந்து, 2013இல் தொடங்கியது. காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வருகிறது. குழாயில் அந்த நீர் வரும் வீடுகளில், எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் குடிநீருக்கும் சமையலுக்கும் அதையே பிடித்து வையுங்கள்; போர் தண்ணீர் துணிக்கும் பாத்திரத்துக்கும் இருக்கட்டும்.