வியாழக்கிழமைக்கு உரிய வீரன்



இராஜபாளையத்தில் சஞ்சீவி மலை என்றொரு குன்று உண்டு. அனுமன் மருந்து மலையைச் சுமந்து சென்றபோது அதிலிருந்து சிதறி விழுந்த துண்டே அது என்று ஊரார் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே, பள்ளிப் பருவத்தில் சம்மட்டி ஏந்திய தார் என்னும் வீரனின் ஆங்கிலப் படக்கதை ஒன்று கைக்குக் கிட்டியபோது, மலையைத் தூக்கிய வீரனை அறிந்த எனக்கு அவன் அயலானாகத் தோன்றவில்லை. பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படித்தேன், பிடிபட்டேன். "இதில் என்ன இருக்கிறது?" என்று ஆசிரியர் கேட்டார். அன்று விடை கூற இயலாமல் நின்றேன். அவ்விடையை இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

அவ்வீரன் முதன்முதலில் தோன்றியது, 1962 ஆகஸ்டு மாதத் தேதியிட்டு அமெரிக்காவில் வெளிவந்த 'ஜர்னி இன்டு மிஸ்டரி' என்னும் ஏட்டின் 83ஆம் இதழில். ஸ்டான் லீயும் அவர் தம்பி லாரி லீபரும் கதை அமைக்க, ஜாக் கிர்பி சித்திரம் தீட்டினார். கால் ஊனமுற்ற மருத்துவர் ஒருவர் நார்வே நாட்டுக்குச் செல்கிறார். சனிக் கோளிலிருந்து வந்த கல் மனிதருக்கு அஞ்சிக் குகையொன்றில் ஒளிகிறார். அங்கே கிடைத்த பழங்கோலைப் பாறையில் அறைந்ததும் கோல் சம்மட்டியாகிறது; மருத்துவர் இடித்தேவன் தார் ஆகிறார்.

பழைய வடபுலக் கதைகளில் வரும் தார் சற்று வேறானவன். செந்தாடி உடையவன், இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் இழுக்கும் தேரில் செல்பவன். அவன் சம்மட்டிக்குக் கைப்பிடி குட்டையாக அமைந்ததற்கும் ஒரு கதை உண்டு. குள்ளக் கொல்லர் அதனைச் செய்துகொண்டிருந்தபோது, சூழ்ச்சியே உருவான லோகி ஈயாக வந்து கொட்டியதால் வேலை பழுதுபட்டதாம்.

இக்கதைகள் நமக்குக் கிடைத்த வரலாறு சுவையானது. ஐஸ்லாந்து மக்கள் ஏறத்தாழ கி.பி. 1000இல் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினர். பழந்தெய்வ வழிபாடு மறைந்தது. கதைகளும் மங்கத் தொடங்கின. பழம்பாடல்களின் குறிப்புகள் இளங்கவிஞர்களுக்குப் புரியாமற் போகுமே என்று கவன்று, சுமார் 1220இல் ஸ்னோரி ஸ்டர்லூசன் என்னும் அறிஞர் அவற்றை எழுதி வைத்தார். அவர் எழுதியது, சுருங்கக் கூறின், மாணவருக்கான பாடநூலே. அந்நூல் இல்லையேல் இக்கதைகளுட் பல அழிந்திருக்கும்.

தாரின் பெயரை நீங்கள் வாரந்தோறும் உச்சரிக்கிறீர்கள். 'தர்ஸ்டே' என்பது தாரின் நாள். உரோமர் தம் நாட்களைக் கோள்களின் பெயரால் வழங்கினர். ஜெர்மானிய இனத்தார் அத்தெய்வங்களுக்கு ஈடாகத் தம் தெய்வங்களை வைத்தனர். வியாழனுக்கு ஈடு தார். புதனுக்கு ஈடு, தாரின் தந்தை ஓடின். நாமும் அந்நாட்களை அக்கோள்களின் பெயராலேயே வழங்குகிறோம் அன்றோ?

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலேயே சிவகாசி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ணச் சீட்டு அச்சிடத் தொடங்கிய ஊர், அச்சுத் தொழிலிலேயே தலைநகராயிற்று. அங்கிருந்து 1972இல் முத்து காமிக்ஸ், 'இரும்புக்கை மாயாவி'யை முதல் இதழாகக் கொண்டு எழுந்தது. தார் பிறந்த அதே 1962இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் பிறந்தவன் அந்த மாயாவி. 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கிற்று. வைக்கிங் மக்களிடையே வளர்ந்த தோர்கல் என்னும் வீரனின் கதைத் தொடர், 1977இல் பெல்ஜிய எழுத்தாளர் வான் ஹாமும் போலந்து ஓவியர் ரோசின்ஸ்கியும் தொடங்கியது. அதுவும் பின்னாளில் சிவகாசியிலிருந்து தமிழில் வந்தது. ஐஸ்லாந்துப் பனியில் எழுதப்பட்ட பெயர்கள் கரிசல் மண்ணுக்கு வந்து சேர்ந்த வழி இதுதான்.

ஆசிரியர் கேட்ட வினாவுக்கு விடையும் இதுவே: படக்கதையில் ஒரு மக்களின் நினைவு இருக்கிறது. ஆனால் அந்நினைவு தானாகப் பிழைத்ததன்று. ஒருவர் எழுதி வைத்ததால் பிழைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடிய பாடல்களை இன்றும் மார்கழியில் கேட்கிறோம். ஆழ்வார் பாடல்கள் ஒரு காலத்தில் வழக்கொழிந்து போயின என்றும், நாதமுனிகள் அவற்றைத் தேடித் தொகுத்தார் என்றும் வைணவ மரபு கூறும். ஸ்னோரி செய்த பணியும் அத்தகையதே.

சஞ்சீவி மலைக் கதையை எனக்குச் சொன்ன முதியோர் இன்று இல்லை. அவர்கள் சொன்னதில் பாதியை நான் மறந்துவிட்டேன், எழுதி வைக்கவில்லை. அக்குறை என்னுடையது. உங்கள் வீட்டுப் பாட்டியார் இன்னும் கதை சொல்கிறார் எனில், படக்கதை படித்து முடித்த கையோடு ஒரு குறிப்பேட்டை எடுத்து அவர் அருகே அமருங்கள். அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நாளை அதற்குச் சித்திரம் தீட்டுவோர் வருவர்.