நைட்ரைல் நீராற்பகுப்பு

கார்பனும் நைட்ரஜனும் முப்பிணைப்பால் இணைந்த தொகுதியைக் கொண்ட நைட்ரைல்கள், நீருடன் வினைபுரிந்து கார்பாக்சிலிக் அமிலங்களாக மாறும் வினை. ஒரு நைட்ரைல் மூலக்கூறு இரண்டு நீர் மூலக்கூறுகளை ஏற்று, ஓர் அமில மூலக்கூறையும் ஓர் அம்மோனியாவையும் தருகிறது. வெறும் நீரில் இது மிக மெதுவாகவே நிகழும். ஆகவே வலிமையான அமிலத்துடனோ காரத்துடனோ பல மணி நேரம் கொதிக்க வைப்பது வழக்கம்.

அமில ஊடகத்தில் முதலில் நைட்ரஜன் ஒரு புரோட்டானைப் பெறுகிறது. அதனால் எலக்ட்ரான் குறைவுற்ற கார்பனை நீர் தாக்குகிறது. உருவாகும் இமிடிக் அமிலம் உடனே அமைடாக மாறியமைகிறது. இந்த அமைடே வினையின் இடைவிளைபொருள். மிதமான நிலைமைகளில் வினையை அங்கேயே நிறுத்தலாம். தொடர்ந்து சூடாக்கினால் அமைடும் பிளந்து அமிலமும் அம்மோனியம் உப்பும் கிடைக்கும். கார ஊடகத்தில் ஹைட்ராக்சைடு அயனி கார்பனை நேரடியாகத் தாக்குகிறது. அம்மோனியா வாயுவாக வெளியேறும். கரைசலில் எஞ்சுவது அமிலத்தின் உப்பு என்பதால், இறுதியில் அமிலம் சேர்த்தே அதை விடுவிக்க வேண்டும்.

ஆல்கைல் ஹாலைடைச் சயனைடுடன் வினைப்படுத்தி நைட்ரைலாக்கி, அதை நீராற்பகுத்தால் கார்பன் சங்கிலி ஒரு கண்ணி நீளும் என்பதே இவ்வழியின் தனிச்சிறப்பு. நான்கு கார்பன் கொண்ட 1-புரோமோபியூட்டேனைச் சோடியம் சயனைடுடன் வினைப்படுத்தி நீராற்பகுத்தால், ஐந்து கார்பன் கொண்ட பென்டனோயிக் அமிலம் கிடைக்கும். மூவிணைய ஹாலைடுகளுக்கு இவ்வழி பொருந்தாது. அவற்றில் நீக்கவினையே மேலோங்கி ஆல்கீன் உருவாகும். எஞ்சிய சயனைடை முற்றிலும் அகற்றாமல் அமிலம் சேர்ப்பது உயிருக்கே ஆபத்து: கொடிய ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளிப்படும்.

1831இல் ஜெர்மானிய மருந்தாளுநர் வின்க்லர், கசப்பு வாதுமையில் உள்ள அமிக்டலின் என்ற சேர்மத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் சூடாக்கி மண்டலிக் அமிலத்தைக் கண்டறிந்தார். அமிக்டலினுள் இருந்த நைட்ரைல் தொகுதியே அங்கே அமிலமாகியது. நைட்ரிலேஸ் நொதியைக் கொண்ட நுண்ணுயிர்கள் இதே மாற்றத்தைச் சாதாரண வெப்பநிலையிலேயே நிகழ்த்துகின்றன.