ஒரு படிக்கு ஒரு பாட்டு

சொந்தமாக இதழ் தொடங்கிய பிள்ளைகள் சிலர் அவ்வப்போது என் வீட்டுப் பக்கம் வருவார்கள். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்கும்: "எழுதிடறோம் டீச்சர், படிக்கிறதுக்கு ஆள் எப்படிச் சேர்க்கிறது?" பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கிருத்திகை தோறும் ஒரு திருப்புகழை உரையோடு ஒற்றைத் தாளில் அச்சடித்துக் கொடுத்து வருகிறேன். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் திருத்தணி மலையின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஏறக்குறைய மறந்துபோன ஒரு பாட்டுத் தொகுதி, ஒரு நூற்றாண்டுக்குள் தனக்கென்று பெருங்கூட்டத்தைச் சேர்த்துக்கொண்ட கதை அது.

அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் பாடியவை பதினாறாயிரம் என்பது மரபு. இன்று கையில் இருப்பவை ஆயிரத்து முந்நூறுக்குச் சற்று மேல். தணிகை என்று நாங்கள் சொல்லும் எங்கள் திருத்தணிக்கு மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட பாடல்கள் உண்டு. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இவையெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. கோயில் ஓதுவார் சிலருக்கு மனப்பாடமாக இருந்தன. பழைய வீடுகளின் பரண்களில் ஏட்டுச் சுவடியாகக் கிடந்தன. ஒரு ஊர்க்காரருக்குத் தெரிந்த பாட்டு அடுத்த ஊர்க்காரருக்குத் தெரியாது.

இந்த நிலையை மாற்றியவர் கோர்ட்டில் வேலை பார்த்தவர். செங்கல்பட்டுப் பக்கத்து வடக்குப்பட்டைச் சேர்ந்த த. சுப்பிரமணிய பிள்ளை, நீதித்துறையில் படிப்படியாக உயர்ந்து ஜில்லா முன்சீப் ஆனவர். 1871-இல் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் பெருமைக்குச் சான்றாக ஒரு திருப்புகழைக் காட்டினார்கள். தில்லை மூவாயிரவரைப் போற்றும் பாட்டு அது. அதைக் கேட்ட பிள்ளைக்கு, இப்படி இன்னும் எத்தனை பாட்டு எங்கெங்கே கிடக்கின்றனவோ என்ற தவிப்பு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து சுவடி தேடுவதே அவர் வாழ்க்கை. உத்தியோகம் எந்த ஊருக்கு அழைத்துச் சென்றாலும் அங்கே யாரிடம் ஏடு இருக்கிறது என்று விசாரித்தார். ஒரே பாட்டுக்குக் கிடைத்த பல ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடம் ஒப்பிட்டார். இப்படி இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பிறகுதான், 1890-களின் நடுவில் முதல் பாகம் அச்சேறியது. அடுத்த நூற்றாண்டு பிறந்த கையோடு இரண்டாம் பாகமும் வந்தது. 1909-இல் அவர் மறைந்தார்.

ஆள் சேர்ப்பதைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் நிறுத்திச் சொல்லும் இடம் இது. கொடுக்கிற சரக்கு வேறெங்கும் கிடைக்காததாக இருக்க வேண்டும். பிள்ளை இருபது ஆண்டு தேடியதில் ஒரு மாதத்தைக் குறைத்திருந்தாலும் சில பாட்டுகள் கரையானுக்குப் போயிருக்கும். அவர் புத்தகம் வருவதற்கு முன்னால் அந்தப் பாட்டுகளை மொத்தமாக எவரிடமும் போய்க் கேட்க முடியாது. அதுதான் அந்தப் புத்தகத்தின் பலம்.

ஆனாலும் அச்சு மட்டும் கூட்டத்தைக் கொண்டுவந்துவிடவில்லை. திருப்புகழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். பாட்டின் தலைமேல் சந்தக் குழிப்பு இருக்கும்: தத்தன, தானன என்று தாளத்தை மட்டும் சொல்லும் அசைகள். கீழே, மூச்சு விட இடமில்லாமல் வடமொழியும் தமிழும் கலந்து ஓடும் நீண்ட அடிகள். சொல்லை எங்கே பிரிப்பது என்று தெரியாமல் நன்றாகப் படித்தவர்களே திணறுவார்கள். எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த எனக்கும் அந்தப் பக்கம் முதலில் வெறும் ஓசையாகத்தான் இருந்தது. கண்ணால் படித்தால் மிரட்டும். பத்துப் பேரோடு சேர்ந்து வாயால் சொன்னால் பிடிபட்டுவிடும். இதைச் செய்து காட்ட ஒருவர் தேவைப்பட்டார்.

அவர் வள்ளிமலை சுவாமிகள். 1870-இல் பவானிப் பக்கம் பிறந்தவர். பூர்வாசிரமப் பெயர் அர்த்தநாரி. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர், அதிகம் எழுத்துப் பழக்கம் இல்லாதவர். தீராத வயிற்றுவலியோடு பழநிக்குப் போனபோது, சந்நிதியில் ஒரு பெண் திருப்புகழுக்கு அபிநயம் பிடித்து ஆடியதைப் பார்த்து உருகிப் போனார் என்றும், அன்றே புத்தகத்தைத் தேடி வாங்கி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார் என்றும் அன்பர்கள் சொல்வார்கள். பிறகு திருவண்ணாமலை. ரமணரைத் தரிசித்தார். சேஷாத்ரி சுவாமிகள், திருப்புகழே உனக்கு மந்திரம் என்று சொல்லி வள்ளிமலைக்கு அனுப்பினார். முன்சீப் தேடி எடுத்ததைச் சமையல்காரர் ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போனார்.

அவர் காலத்தில் ஜனவரி 1 என்றால் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் எலுமிச்சம்பழமும் மாலையுமாக வெள்ளைக்கார துரைகளின் பங்களா வாசலில் காத்து நிற்பது வழக்கம். சுவாமிகளுக்கு அது பொறுக்கவில்லை. புத்தாண்டில் முதல் வணக்கம் தணிகை முருகனுக்கே என்று தம் அன்பர்களிடம் சொன்னார். 1917 டிசம்பர் 31 அன்று, திருப்புகழ் பாடிக்கொண்டே தணிகைப் படிகளில் அவர்களை ஏற்றிச் சென்றார். அதுதான் திருப்படித் திருவிழா. மலைக்குப் படிகள் 365. வருடத்தின் நாளுக்கு ஒன்று. படிக்கு ஒரு பாட்டு, ஒரு கற்பூரம். உச்சியை அடையும்போது புது வருடம் பிறந்திருக்க வேண்டும்.

எத்தனை யோசித்துச் செய்த ஏற்பாடு என்று பாருங்கள். நாளை அவர் புதிதாக உண்டாக்கவில்லை. உத்தியோகஸ்தர்களுக்கு எப்படியும் லீவு கிடைக்கிற நாளை எடுத்துக்கொண்டார். பட்டணத்திலிருந்து அரக்கோணம் வழியாக ரயில் திருத்தணிக்கே வந்தது, வழியும் புதிதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய கடல் போன்ற ஒரு நூலை ஒரு படிக்கு ஒரு பாட்டு என்று சின்னப் பங்காகப் பிரித்துக் கொடுத்தார். ஆயிரத்து முந்நூறு பாட்டு என்றால் மலைப்பு. இந்தப் படிக்கு இந்தப் பாட்டு என்றால் குழந்தையும் உடன் பாடும்.

அன்று இரவு படியோரம் நின்று பார்த்தவர்களுக்கு அந்த ஒழுங்கு தெரியும். முன்னால் போகிறவர் படியைத் துடைத்து மஞ்சள் பூசுவார். அடுத்தவர் குங்குமம் வைப்பார். ஒருவர் வெற்றிலையில் கற்பூரத்தை வைத்து ஏற்றுவார். தலைமைப் பாடகர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, ஜால்ராவோடு மற்றவர்கள் அதே சந்தத்தில் திருப்பிச் சொல்வார்கள். ஒரு பாட்டுக்கு மூன்று நிமிடம் என்று கணக்குப் போட்டால்கூட 365 பாட்டுக்குப் பதினெட்டு மணி நேரம் ஆகும். ஆகையால் ஒருவரே பாடி முடிக்கிற காரியம் இல்லை இது. சபைகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தொண்டை கட்டியவர் அடுத்தவருக்கு விட வேண்டும். மஞ்சள் கரைக்கிற பாட்டிக்கும் அதில் வேலை உண்டு, தீப்பெட்டி வைத்திருக்கிற பையனுக்கும் உண்டு. கையில் ஒரு வேலை இருப்பவர் அடுத்த வருடம் தானாக வருவார். வரும்போது நாலு பேரைக் கூட்டிக்கொண்டும் வருவார்.

கேட்பவரையும் உள்ளே இழுத்துப் பாட வைக்கும் இந்த எண்ணம் சுவாமிகளின் எல்லாக் காரியத்திலும் இருந்தது. அருணகிரியாரின் வேல் வகுப்பிலுள்ள 16 அடிகளை மாற்றி மாற்றி வரச் செய்து 64 அடிகளாக அவர் அமைத்த வேல் மாறலை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய அடி ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் ஒரு முறை பாராயணம் செய்வதற்குள் ஒவ்வோர் அடியும் நான்கு முறை நாவில் வந்துவிடும். நாலு நாள் உட்கார்ந்தால் புத்தகம் வேண்டாம். 1950-இல் அவர் மறைந்த பிறகும் இது வீடு வீடாகப் பரவிக்கொண்டுதான் இருக்கிறது.

அவர் விழாவைத் தொடங்கியபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதோடு போனது. எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மாவட்டம் மாறியது, மாநிலம் மாறியது. டிசம்பர் 31 மாறவில்லை. இன்றும் நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பாட்டைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு எங்களோடு பாடுகிறார்கள். சந்தம் பிடிபட்டுவிட்டால் எழுத்து ஒரு தடையே இல்லை.

பாட வந்தவர்களுக்கு அடுத்த கட்டமாகப் பொருள் தெரிய வேண்டும். அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் கிருபானந்த வாரியார். வள்ளிமலைக்கு அதிகத் தூரமில்லாத காங்கேயநல்லூரில் 1906-இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகாமல் தந்தை மல்லையதாசரிடமே பாடம் கேட்டவர். 1936-இல் தைப்பூசத்துக்கு வடலூர் போயிருந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. அதன்படி திருப்புகழமிர்தம் என்ற மாத இதழைத் தொடங்கினார். இதழுக்கு ஒரு திருப்புகழ், அதற்கு விரிவுரை, கூடவே கந்தர் அலங்கார உரை, ஒரு கதை. வருகிற மாதம் இதில் என்ன இருக்கும் என்று வாசகருக்கு முன்கூட்டியே தெரியும். எந்தப் பாட்டு, எந்தக் கதை என்பது மட்டும் தெரியாது. அந்த நிச்சயத்தையும் அந்த ஆவலையும் சேர்த்து வைத்து 37 ஆண்டுகள் நடத்தினார். மாதம் ஒன்று என்று பார்த்தால் நானூறு இதழைத் தாண்டும்.

இதழ் தனியாக நிற்கவில்லை. அவருடைய சொற்பொழிவு அதைத் தாங்கியது. ஊர் ஊராகப் பேசப் போனவர், மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளிடம் சின்னச் சின்னக் கேள்வி கேட்டுப் பரிசு கொடுப்பார். பரிசு வாங்கிய பிள்ளையின் வீட்டில் அன்று இரவு முழுக்க அதே பேச்சாக இருக்கும். மேடையில் கேட்டதை இதழில் நிதானமாகப் படிக்கலாம். இதழில் படித்த பாட்டை அடுத்த மேடையில் அவர் குரலில் கேட்கலாம். ஒன்று மற்றதற்கு ஆள் சேர்த்தது. கடைசியில் அந்த விரிவுரைகளே தொகுதி தொகுதியாகப் புத்தகமாயின. வாரியார் 1993 நவம்பரில் லண்டனிலிருந்து திரும்பும் விமானத்திலேயே மறைந்தார். அப்போது விமானம் தணிகைக்கு நேர் மேலே இருந்தது என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள்.

வடக்குப்பட்டுப் பிள்ளையின் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை, தணிகைமணி என்று இந்த ஊரின் பெயரையே பட்டமாகத் தாங்கியவர். தந்தை தேடி வைத்ததைத் திருமுறைகளாக வகுத்து முழுமைக்கும் உரை கண்டார். டெல்லியில் 1958-இல் ஏ.எஸ். ராகவன் தொடங்கிய திருப்புகழ் அன்பர்கள் அமைப்பு, பாடல்களுக்கு ராகம் அமைத்து வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுத்தது. 1964-இல் வந்த அருணகிரிநாதர் திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடியது டீக்கடை ரேடியோவரை போனது. இப்போது எவர் கைப்பேசியைத் திறந்தாலும் திருப்புகழ் கேட்கும். இத்தனைக்கும் அடியில், சுவடி தேடிய முன்சீப்பும், படி ஏறிய சமையல்காரரும், மாதம் தவறாமல் எழுதிய வாரியாரும் போட்ட அஸ்திவாரம் இருக்கிறது.

மூவரும் செய்ததைச் சேர்த்துப் பார்த்தால், ஆள் சேர்க்க வழி கேட்கும் பிள்ளைகளுக்கு என் பதில் தெளிவாகவே இருக்கிறது. எல்லாரும் தொடாமல் விட்ட ஒன்றைத் தேடி எடுங்கள். அதில் சரி பார்க்காத வரி ஒன்றும் இருக்கக் கூடாது. அதைச் சின்னப் பங்காக்குங்கள். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். வருகிற நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த நாளில் வந்து நில்லுங்கள். சனங்கள் ஏற்கெனவே கூடுகிற இடத்துக்கும் நேரத்துக்கும் நீங்கள் போங்கள்; உங்கள் வீட்டு வாசலுக்கு அவர்கள் வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். படிப்பவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஒரு கேள்வி, ஒரு பாட்டு, தங்கள் ஊர்ச் செய்தி ஒன்று எழுதி அனுப்பும் இடம். எழுத்தோடு நேர்ப்பேச்சும் இருக்கட்டும்.

இவற்றில் கடினமானது எது என்று கேட்டால், தேதி தவறாமல் இருப்பதுதான். முதல் வருடம் படியேறியவர்கள் குறைவு என்று சுவாமிகள் அடுத்த டிசம்பரில் வராமல் இருந்திருந்தால் இன்று அப்படி ஒரு விழாவே இருந்திருக்காது. ஆள் குறைவாக இருக்கிற காலத்தில்தான் பழக்கம் ஊன்றுகிறது. கூட்டம் வந்த பிறகு அது தானாக நடக்கும். ஆகவே வாசகர் எத்தனை பேர் என்று எண்ணுவதை ஒரு வருடம் தள்ளி வையுங்கள். அடுத்த இதழ் எந்தத் தேதியில் என்று இன்றைக்கே முடிவு செய்து, அதை இந்த இதழின் கடைசி வரியில் அச்சிடுங்கள்.