எழுபதுக்கு ஐம்பது

1822-ல் ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலையில் அடித்த ஐந்து டாலர் தங்கக் காசு ஒன்று, 2021 மார்ச் மாதம் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. எடை ஒரு பவுனுக்குச் சற்று மேல். பல கை மாறித் தேய்ந்த காசு. தரம் பார்ப்பவர்கள் அதற்குப் போட்ட மார்க் எழுபதுக்கு ஐம்பது. பரீட்சையில் சுமாராகத் தேறிய பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் அது போன தொகை 84 லட்சம் டாலர்!

அதே ஆண்டில், எழுபதுக்கு அறுபத்தைந்து வாங்கிய 1924-ஆம் வருடத்து இருபது டாலர் காசை, தங்க விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். அது நாலு பவுன் எடைக்கும் மேல். பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். மார்க்கும் கூடுதல், தங்கமும் கூடுதல், விலை மட்டும் அதல பாதாளம்.

போன வாரம் கலிஃபோர்னியாவின் தங்க வேட்டையைப் பார்த்தோம். தோண்டிய தங்கம் காசாகி, காசு பழசாகி, ஏல மேடைக்கு வரும்போது அதற்கு விலை வைப்பது யார்? அதற்குப் போகுமுன் ஒரு சின்ன சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். மொத்த மார்க் ஏன் எழுபது? பத்து இல்லை, நூறு இல்லை, அதென்ன எழுபது?

எல்லாம் வில்லியம் ஷெல்டன் என்ற மனிதரின் கைங்கரியம். தொழிலால் உளவியல் ஆராய்ச்சியாளர். மனித உடல்வாகை மூன்று வகையாகப் பிரித்து, உடம்பைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்று வாதாடியவர். அதற்காகக் கல்லூரி மாணவர்களை நிர்வாணமாக நிற்கவைத்துப் படம் எடுத்து, ஒவ்வோர் உடம்புக்கும் எண் போட்டார். அந்த ஆராய்ச்சியை இன்று கிட்டத்தட்ட யாரும் சீந்துவதில்லை. பொழுதுபோக்காக அவர் காசுகளுக்குப் போட்ட எண்தான் நிலைத்துவிட்டது.

அவருக்குப் பைத்தியம் தங்கத்தின் மேல் இல்லை, செப்பின் மேல். அமெரிக்கா ஆரம்ப காலத்தில் வெளியிட்ட பெரிய ஒரு சென்ட் காசுகளைப் பற்றி 1949-ல் ஒரு புத்தகம் போட்டார். 1794-ஆம் ஆண்டுக் காசை எடுத்துக்கொண்டார். இன்ன காசு என்று அடையாளம் மட்டும் தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தால் அன்றைய சந்தையில் ஒரு டாலர். அச்சிலிருந்து இப்போதுதான் விழுந்ததுபோல் இருந்தால் எழுபது டாலர். அவ்வளவுதான், அளவுகோல் தயார். முதலாவதற்கு மார்க் 1, இரண்டாவதற்கு 70. தேய்ந்த காசின் அடிப்படை விலையை மார்க்கால் பெருக்கினால் கையிலுள்ள காசின் விலை வந்துவிடும் என்பது அவர் கணக்கு. சில ஆண்டுகளிலேயே சந்தை அந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டைத் தூக்கி எறிந்தது. எண்கள் மட்டும் தங்கிவிட்டன. 1977-ல் அமெரிக்க நாணயவியல் சங்கம் அவற்றைப் பொன், வெள்ளி, செம்பு எல்லாவற்றுக்கும் பொதுவாக்கியது. இன்றைக்குக் கோடிக்கணக்கான டாலர் தங்கம் கைமாறுவது, ஒரு காலத்துச் செப்புக் காசின் விலைப்பட்டியலை வைத்துத்தான்.

ஷெல்டன் இறந்ததும் அதே 1977-ல். பூனைக்குட்டி பிற்பாடுதான் வெளியே வந்தது. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்புக்கு அவர் அடிக்கடி போய்வருவார். அங்கிருந்த நல்ல செப்புக் காசை எடுத்துக்கொண்டு, அதே வகையில் மட்டமான இன்னொன்றை அந்த இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஒன்றிரண்டு இல்லை, நூறுக்கும் மேல். பழைய புகைப்படங்களில் இருந்த கீறல்களையும் புள்ளிகளையும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. எது ஐம்பது, எது அறுபது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த ஆள், ஐம்பதை வைத்துவிட்டு அறுபதைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறார். தரம் பார்க்கத் தெரியாதவரால் செய்யக்கூடிய திருட்டா இது?

1980-களின் நடுப்பகுதி வரை மார்க் போட்டவர்கள் பெரும்பாலும் வியாபாரிகளேதான். விற்கும்போது 65 என்பார்கள். அதே காசை நீங்கள் திரும்பக் கொண்டுபோனால் 62 என்பார்கள். இந்தக் கூத்துக்கு முடிவு கட்ட 1986-ல் டேவிட் ஹால் உள்ளிட்ட சில வியாபாரிகள் பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மறுவருடம் போட்டிக்கு என்.ஜி.சி. வந்தது. காசை அவர்களிடம் அனுப்பினால், ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியாகப் பார்த்து, மார்க்கை அச்சிட்ட சீட்டோடு பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். காசு யாருடையது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது.

அவர்கள் என்னதான் பார்க்கிறார்கள்? இருட்டாக்கிய அறையில் ஒற்றை விளக்கு. காசின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, விளக்கடியில் லேசாகச் சாய்த்துச் சுழற்றுவார்கள். புழங்காத காசென்றால், வெளிச்சம் ஆரக்கால்போல அதன் முகம் முழுக்க உடையாமல் சுற்றிவரும். அச்சு இறங்கும்போது உலோகம் விளிம்பை நோக்கி நகர்ந்ததில் விழுந்த நுண்ணிய வரிகள்தான் காரணம். சட்டைப்பையில் சிலநாள் கிடந்தாலே மேட்டுப் பகுதிகளில் அந்த வரிகள் தேய்ந்து, வெளிச்சம் அங்கங்கே அறுந்துபோகும்.

சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் வடிவமைத்து 1907-ல் வெளிவந்த இருபது டாலர் காசை, அதாவது டபுள் ஈகிளை, எடுத்துக்கொள்வோம். ஒரு கையில் தீப்பந்தம், மறு கையில் ஆலிவ் கிளையோடு சுதந்திர தேவி நம்மை நோக்கி நடந்து வருகிறாள். பின்னால் கதிர்கள் விரிகின்றன. முதலில் கண் போகும் இடம் அவளுடைய முழங்கால், பிறகு மார்பு, மூக்கு. அங்கே வெளிச்சம் அறுந்தால் 58-க்கு மேல் கிடையாது. அறுபதிலிருந்து எழுபது வரைக்கும் போட்டி தேய்மானத்தைப் பற்றியதே அல்ல, காயங்களைப் பற்றியது. பத்துப் பங்கில் ஒன்பது பங்கு தங்கம், ஒரு பங்கு செம்பு, மிருதுவான கலவை. அடித்த காசுகளைக் கித்தான் பையில் கொட்டி, வண்டியில் ஏற்றி, வங்கி வங்கியாக அனுப்பினார்கள். ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் இடித்ததில் விழுந்த வடுக்கள்தான் மார்க்கைக் குறைக்கின்றன. கதிர்களுக்கு நடுவே விழுந்த வடு ஒளிந்துகொள்ளும். வெற்றிடத்தில் விழுந்தது உறுத்திக்கொண்டே இருக்கும். யாராவது புண்ணியவான் பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்து பாலிஷ் போட்டிருந்தால், மார்க்கே கிடையாது.

பார்வைக்கு 61-ஐவிட 58 அழகாக இருப்பதுண்டு. 65 என்று திரும்பி வந்த காசைப் பெட்டியை உடைத்து எடுத்து, 66 கிடைக்காதா என்று மறுபடி அனுப்பிப் பார்க்கும் வியாபாரிகளும் உண்டு, சிலசமயம் கிடைத்தும்விடுகிறது. எண்ணாகப் போட்டுவிட்டால் எல்லாம் விஞ்ஞானம்போலத் தெரியும். அடியில் இருப்பது ஒரு மனிதரின் கண்தான்.

இந்த மார்க் ராஜ்யம் நடத்துவது ஏராளமாகக் கிடைக்கும் காசுகளிடம். 1924-ல் ஃபிலடெல்ஃபியாவில் மட்டும் 43 லட்சம் டபுள் ஈகிள்கள் அடித்தார்கள். அவற்றில் கணிசமானவை ஐரோப்பிய வங்கிகளுக்குப் போய் அங்கேயே தூங்கியதால் பிழைத்தன. ஒரே மாதிரி லட்சக்கணக்கில் இருக்கும்போது, ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்ட மார்க்கைத் தவிர வேறு என்ன இருக்கிறது? 63-லிருந்து 65 வரை விலை நடந்து ஏறும். 67-ஐத் தாண்டினால் தாவி ஏறும். 1927-க்கு வந்தால் கதை வேறு. ஃபிலடெல்ஃபியாவில் அடித்தது 29 லட்சத்துக்கும் மேல், டென்வரில் அடித்தது 1,80,000. டென்வர் காசில் வருடத்துக்கு மேலே ஊசிமுனையால் குத்தியதுபோல ‘டி’ என்ற ஓர் எழுத்து இருக்கும். அதில் இன்று எஞ்சியிருப்பதாகத் தெரிவது ஒரு டஜனை ஒட்டித்தான். விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் போயிருக்கிறது, அந்த ஒற்றை எழுத்துக்காக.

இனி நம் 1822-க்குத் திரும்புவோம். அந்த வருடம் அடித்தவை 17,796. காசின் முகமதிப்பு ஐந்து டாலர். உள்ளே இருந்த தங்கமோ ஐந்து டாலருக்கு மேல் பெறுமானமாகிப்போனது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? மூட்டை கட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பி உருக்கினார்கள். 1834-ல் அமெரிக்க அரசு காசில் தங்கத்தைக் குறைத்த பிறகுதான் இது நின்றது. அதற்குள் பழையது எல்லாம் போய்விட்டது. இன்று உலகத்தில் இருப்பதாகத் தெரிவது மூன்றே மூன்று. இரண்டு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். அவை எந்நாளும் விற்பனைக்கு வரப்போவதில்லை. தனியார் கையில் இருக்கும் ஒன்றுதான் 1982-ல் 6,87,500 டாலருக்கும், 2021-ல் 84 லட்சத்துக்கும் விலைபோனது. மார்க் ஐம்பதா, நாற்பதா என்று பேரம் பேச, ஒப்பிட்டுக் காட்டுவதற்கு இன்னொன்று வேண்டுமே! அந்த ஏலத்துக்கு இரண்டு மாதம் முன்பு, நியூயார்க் பொற்கொல்லர் எஃப்ராயிம் பிராஷர் 1787-ல் தன் பட்டறையில் அடித்து, கழுகின் இறக்கையில் தன் முத்திரையைக் குத்திய தங்கக் காசு 93 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போயிருந்தது. அது அரசாங்கக் காசுகூட இல்லை.

இந்த இரண்டையும் அதே வருடம் ஜூன் மாதம் ஒரு டபுள் ஈகிள் தூக்கிச் சாப்பிட்டது. அதன் மார்க் 65. முதலில் பார்த்த 1924-ஆம் வருடக் காசுக்கு எத்தனை மார்க்கோ, அத்தனையேதான். அதே எடை, அதே தங்கம், அதே சுதந்திர தேவி. ஒரே வித்தியாசம், அவள் பக்கத்தில் பொறித்திருந்த வருடம்: 1933.

பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்க வங்கிகள் சரிந்துகொண்டிருந்த நேரம். அந்த ஆண்டு மார்ச்சில் பதவியேற்ற ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், தங்கம் வெளியே போவதை நிறுத்தினார். ஏப்ரல் 5-ஆம் தேதி, மக்கள் தங்கத்தை ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். சேகரிப்பாளர்களிடம் இருக்கும் அரிய காசுகளுக்கு மட்டும் விலக்கு. வேடிக்கை என்னவென்றால், நாணயச் சாலைக்கு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு 4,45,500 டபுள் ஈகிள்களை அடித்துத் தள்ளியது. ஒன்றுகூடப் புழக்கத்துக்கு வரவில்லை. இரண்டை ஸ்மித்சோனியனுக்குக் கொடுத்துவிட்டு, 1937-ல் மற்றதை உருக்கினார்கள்.

உருக்கியதாக நினைத்தார்கள். கொஞ்சம் காசுகள் அதற்குள் நழுவி, ஃபிலடெல்ஃபியா நகை வியாபாரி இஸ்ரேல் ஸ்விட் வழியாகச் சேகரிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. அதில் ஒன்றை வாங்கினார் எகிப்து மன்னர் ஃபாரூக். காசை நாட்டைவிட்டுக் கொண்டுபோக உரிமம் கேட்டு எகிப்துத் தூதரகம் விண்ணப்பிக்க, அமெரிக்கக் கருவூலம் 1944 பிப்ரவரி 29 அன்று உரிமம் எழுதிக்கொடுத்துவிட்டது! அடுத்த மாதமே விழித்துக்கொண்ட ரகசிய சேவை, இவை திருட்டுக் காசுகள் என்று விசாரணையைத் தொடங்கியது. ஒன்பதைப் பிடித்து உருக்கினார்கள். மன்னரிடம் போய் யார் கேட்பது?

1952-ல் ஃபாரூக் துரத்தப்பட்டார். 1954-ல் அவருடைய சேகரிப்பை சாதபீஸ் கெய்ரோவில் ஏலம் விட்டபோது, அமெரிக்கா கேட்டுக்கொண்டதால் அந்தக் காசு மட்டும் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. அதோடு மாயமாகியும் போனது. 1996-ல் நியூயார்க்கின் வால்டார்ஃப்-அஸ்டோரியா ஹோட்டலில் ஒரு டபுள் ஈகிளை விற்க வந்த லண்டன் நாணய வணிகர் ஸ்டீபன் ஃபென்டனை, வாங்குபவர்கள்போல உட்கார்ந்திருந்த ரகசிய சேவை ஆட்கள் மடக்கினார்கள். இது ஃபாரூக்கின் காசுதான் என்றார் அவர். குற்றச்சாட்டு கைவிடப்பட்டு, காசு யாருக்கு என்ற வழக்கு ஐந்து வருடம் இழுத்தது. 1944-ல் அரசாங்கமே எழுதிக்கொடுத்த அந்த உரிமம்தான் ஃபென்டனுக்குக் கை கொடுத்தது. காசை விற்று ஆளுக்குப் பாதி என்று 2001-ல் சமரசமானார்கள். அதுவரை காசை வைத்திருந்த இடம், உலக வர்த்தக மையத்தில் இருந்த கருவூலப் பெட்டகம். ஜூலையில் அதை ஃபோர்ட் நாக்ஸுக்கு மாற்றினார்கள். செப்டம்பரில் அந்தக் கட்டடங்களுக்கு என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2002 ஜூலை 30 அன்று ஏலம். கேட்ட விலை 66 லட்சம் டாலர். ஏல நிறுவனத்தின் கமிஷன் 15 சதவீதம். கூட்டினால் 75 லட்சத்து 90 ஆயிரம் வரும். பில்லில் இருந்த தொகையோ 75 லட்சத்து 90 ஆயிரத்து 20 டாலர். அந்த இருபது எதற்கு? இந்தக் காசை அரசாங்கம் இதுவரை முறைப்படி வெளியிடவே இல்லை. இப்போது வெளியிடுகிறது என்றால் முகமதிப்பைக் கட்டியாக வேண்டுமே! வாங்கியவர் காலணி வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் வைட்ஸ்மன் என்பது பிற்பாடு தெரிந்தது. 2021 ஜூன் 8-ல் அவர் அதை சாதபீஸில் விற்றபோது கிடைத்தது 1 கோடியே 88 லட்சத்து 72 ஆயிரத்து 250 டாலர். தனியார் வைத்துக்கொள்ள அமெரிக்க அரசு அனுமதி தந்த ஒரே 1933 டபுள் ஈகிள் என்ற காகிதத்துக்கான விலை என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

ஏனென்றால், அந்தக் காகிதம் இல்லாத காசுகளும் இருந்தன. ஸ்விட்டின் குடும்பத்தார் பாதுகாப்புப் பெட்டகம் ஒன்றில் பத்து 1933 டபுள் ஈகிள்களைக் கண்டெடுத்து, அசல்தானா என்று பார்த்துச் சொல்லும்படி 2004-ல் நாணயச் சாலையிடமே கொடுத்தார்கள். அசல்தான் என்றது நாணயச் சாலை; திருப்பித் தர மட்டும் மறுத்துவிட்டது. 2011-ல் ஜூரிகள் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். மேல்முறையீட்டில் 2015-ல் குடும்பம் ஜெயித்தது, 2016-ல் அரசு ஜெயித்தது. 2017-ல் வழக்கை எடுத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டதால், பத்தும் அரசாங்கத்துக்கே சொந்தமாகிவிட்டன.

1857-ல் கலிஃபோர்னியத் தங்கத்தோடு கிளம்பிய ‘சென்ட்ரல் அமெரிக்கா’ கப்பல் புயலில் மூழ்கி, 131 வருடம் கழித்து அட்லாண்டிக் அடியில் அகப்பட்ட கதையும், அதைக் கண்டுபிடித்தவரே சிறைக்குப் போன கதையும் அடுத்த வாரம்.