ராஜுலா திரும்பிய திசை

கோப்பெங்கிலிருந்து குடும்பமாகப் பினாங்கு போய் உல்லாசக் கப்பல் ஏறினோம். "நம்மாளுங்க வந்ததும் இப்படித்தான், கூட்டமா," என்றார் பெரியப்பா.

1926இல் கட்டப்பட்ட எஸ்.எஸ். ராஜுலா சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. ஒரு காலத்தில் 5,000 பேருக்கு மேல் ஏற்றும் உரிமம் அதற்கு இருந்தது. பெரும்பாலோருக்கு அறை கிடையாது. தளத்தில் பாய் விரித்த இடம்தான்.

தோட்டத்துக்கு ஆள் வந்த கதையை நிறைய எழுதிவிட்டோம். போன கதை குறைவு. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும், பல்லாயிரம் தொழிலாளர்கள் தமிழகம் திரும்பினார்கள். கூட்டி வந்த ராஜுலாவே பலரைக் கொண்டுபோய் விட்டது. சிவப்பு ஐசிக்காரர்கள் பலர் போக, நீல ஐசி வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றார்கள்.

எங்கள் கப்பல் மூன்றாம் நாள் பினாங்குக்கே திரும்பியது. நான் பார்த்தேயிராத அத்தையைப் பெரியப்பா வழியனுப்பியதும் இங்கேதானாம்.